கணிதப் புலவர் டிமாய்வர்

ஒருவனிடமிருந்து நாட்டைப் பறிக்கலாம், வீட்டைப் பறிக்கலாம், உற்றார் உறவினரினின்றும் அவனைப் பிரித்துவிடலாம். ஆனால், அவன் கற்ற கல்வியைப் பறித்தல் எவர்க்கும் இயலாது. இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்த பெரியோருள் ஒருவர் ஆபிரகாம் டிமாய்வர் ஆவார். பிறந்த நாட்டில் இருக்க இடமின்றிப் பெயர்ந்து, புகுந்த நாட்டில் பதவியின்றி வருந்தி, எண்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த அவர், தற்செயல் என்று உலகம் தள்ளிவிட்ட நிகழ்ச்சிகளுள்ளும் ஓர் ஒழுங்கு மறைந்திருத்தலைக் கண்டு காட்டினார். மேல்வகுப்பு மாணாக்கர் கணிதத்தில் பயிலும் டிமாய்வர் தேற்றம் இவர் பெயரால் அமைந்ததே. அதனினும் பெரியதொரு கண்டுபிடிப்பும் இவருடையது. அதுவே, புள்ளியியலார் இயல்நிலைப் பரவல் என வழங்கும் மணிவளைவு ஆகும்.

இளமையும் கல்வியும்

டிமாய்வர் 1667-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஷாம்பேன் பகுதியிலுள்ள வித்ரி என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் அறுவை மருத்துவர், பெருஞ்செல்வர் அல்லர், எனினும், மைந்தனுக்குக் கல்வியே சிறந்த செல்வம் எனக் கருதியவர். அக்குடும்பத்தார் கிறித்தவ சமயத்துள் புராட்டஸ்டண்டுப் பிரிவைச் சார்ந்தவர். அந்நாட்டு மன்னரும் மக்களுள் பெரும்பாலோரும் கத்தோலிக்கப் பிரிவினர். 1598-ஆம் ஆண்டு நான்காம் ஹென்றி மன்னர் நாந்து என்னும் நகரில் பிறப்பித்த ஆணையொன்றே சிறுபான்மையோராகிய புராட்டஸ்டண்டினர்க்கு அரணாக இருந்தது.

டிமாய்வர் தம் பதினோராம் வயதில் செடான் நகரத்துப் புராட்டஸ்டண்டுக் கல்விக் கழகத்திற் சேர்ந்து கிரேக்க மொழி பயின்றார். சில ஆண்டுகளில் அக்கழகம் அரசினரால் மூடப்பட்டது. பின்னர்ச் சோமூர் நகரில் தருக்க நூல் கற்றார். அதன்பின் பாரிசு மாநகரை அடைந்து கணிதம் பயின்றார். ஹைகன்ஸ் என்னும் டச்சு நாட்டறிஞர் பகடையாட்டத்தின் வெற்றி தோல்விகளைக் கணக்கிட்டு எழுதிய சிறு நூல் ஒன்று, ஆசிரியர் எவரும் கற்பியாமலே, அவ்விளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்று ஊன்றிய அவ்வித்து முளைத்துக் கிளைத்துக் காய்ப்பதற்கு ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

நாடு துறத்தல்

1685-ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் நாந்து ஆணையை நீக்கினார். புராட்டஸ்டண்டினரின் கோயில்கள் இடிக்கப்பட்டன, வழிபாடு தடுக்கப்பட்டது. பல்லாயிரவர் தம் மனையையும் பொருளையும் விட்டு அயல்நாடுகளிற் குடிபுகுந்தனர். அப்பொழுது டிமாய்வருக்கு வயது பதினெட்டு. சமயம் மாறும் பொருட்டு அவர் ஒரு மடத்தில் சில காலம் அடைத்து வைக்கப்பட்டார் எனக் கூறுவர். எவ்வாறாயினும், அவர் தம் கொள்கையினின்றும் பிறழவில்லை. தம் தமையோடு வளர்ந்த சகோதரனுடன் கடல் கடந்து இலண்டன் மாநகரை அடைந்தார். அதன்பின் அவர் தாயகத்தில் வாழ்ந்தாரல்லர்.

புதிய நாட்டில் அவர்க்கு நிலமில்லை; பொருளில்லை; துணை நிற்போரும் மிகச் சிலர். கையிலிருந்த முதல் கணிதம் ஒன்றே. செல்வர் மனைதோறும் நடந்து சென்று, அவர்தம் மக்கட்குக் கணிதம் கற்பித்து, அதனால் வரும் சிறுபொருள் கொண்டு உயிர் வாழ்ந்தார்.

அந்நாளில் ஒருமுறை டெவன்ஷயர் பிரபுவின் மாளிகைக்குச் சென்றவர், அப்பொழுதுதான் வெளிவந்திருந்த நியூட்டனின் பெருநூலை அங்குக் கண்டார். தாம் கணிதத்தில் வல்லவர் என்று எண்ணியிருந்த டிமாய்வருக்கு அந்நூல் எளிதிற் பொருள் விளங்காதிருந்தது. அவர் நாணி ஒதுங்கவில்லை, நூலொன்றை வாங்கினார். அமர்ந்து கற்க ஓய்வில்லாமையால், அதன் ஏடுகளைத் தனித்தனியே பிரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு மாணவன் இல்லத்தினின்றும் மற்றொரு மாணவன் இல்லத்திற்கு நடக்கும் இடைவேளையில் ஓரோர் ஏடாகப் பயின்று, அந்நூல் முழுவதையும் தமதாக்கிக்கொண்டார். நேரமில்லை என்று கல்வியை ஒதுக்குவார்க்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடமாகும்.

புகழும் வறுமையும்

வால்மீன் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ஹாலி என்னும் வானநூல் அறிஞர் 1692-ஆம் ஆண்டளவில் டிமாய்வரின் நண்பரானார். அவர் உதவியால் டிமாய்வரின் முதற் கட்டுரை இராயல் சங்கத்தை அடைந்தது. 1697-ஆம் ஆண்டு அச்சங்கம் அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராக ஏற்றது. நுண்கணிதத்தை முதலிற் கண்டவர் நியூட்டனா, லைப்னிட்சா என்னும் வழக்கு எழுந்தபொழுது, அதனை ஆராய அச்சங்கம் 1712-ஆம் ஆண்டு அமைத்த குழுவில் டிமாய்வரும் இடம் பெற்றார். நியூட்டன் தம் முதுமையில், கணித ஐயங்களோடு தம்மை நாடி வந்தோரை டிமாய்வரிடம் செல்லுமாறு பணிப்பார் என்றும், அவர் தம்மினும் அவற்றை நன்கறிவார் என உரைப்பார் என்றும் கூறுவர்.

இத்துணைப் புகழ் இருந்தும், ஒரு பல்கலைக்கழகத்திலேனும் அவர்க்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. அயல்நாட்டார் என்னும் சொல் ஒரு மதிலாக நின்று தடுத்தது. ஆகவே, முதுமையிலும் அவர் வீடுவீடாகச் சென்று கற்பித்தலை விடவில்லை. செயின்ட் மார்ட்டின் வீதியிலிருந்த ஸ்லாட்டர் காப்பி விடுதியில் மாலை வேளைகளில் அமர்ந்திருப்பார். சூதாட்டக்காரரும் காப்புறுதி வணிகரும் அவரை நாடி வந்து, தத்தம் ஐயங்களைக் கூறிக் கணக்கு வேண்டுவர். அவர் கணக்கிட்டுக் கூறுவார். அவர்கள் தரும் சிறுபொருளைப் பெற்றுக்கொள்வார்.

சூது பொருளையும் புகழையும் ஒருங்கே அழிப்பது என்பதனைத் தமிழர் நன்கறிவர். தருமன் நாடிழந்ததும் நளன் காடடைந்ததும் அதனாலன்றோ? அங்ஙனமாக, அறிவுடையார் ஒருவர் பகடையையும் காசையும் ஆராய்வது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். டிமாய்வர் சூதை வளர்க்க எழுதினாரல்லர். அதிருஷ்டம் என்னும் மாயத்தை மக்கள் உள்ளத்தினின்றும் அகற்றுதற்குத் தம் கணக்குப் பயன்படும் என்பது அவர் கருத்து. பலமுறை தோற்றவனுக்கு அடுத்த முறை வெற்றி கிட்டியே தீரும் என்று எண்ணுவது மயக்கம். பகடைக்குப் பழைய நினைவு இல்லை. இதனைக் கணக்கால் உணர்ந்தவன் சூதாட்டத்திற் பொருளை இழக்கத் துணியான். 1718-ஆம் ஆண்டு டிமாய்வர் நிகழ்தகவு பற்றிய தம் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டு, அதனை நியூட்டனுக்கு உரிமையாக்கினார்.

1725-ஆம் ஆண்டு ஆயுட்கால ஆண்டுத்தொகை பற்றி மற்றொரு நூல் இயற்றினார். ஒருவர் உயிருடன் இருக்கும்வரை ஆண்டுதோறும் குறித்ததொரு தொகை பெறுவதற்கு முன்னதாக எவ்வளவு பொருள் கட்டுதல் வேண்டும் என்பது அந்நூலின் ஆராய்ச்சி. கணக்கு எளிதாகும்பொருட்டு, மக்கள் வாழ்நாளின் எல்லையை 86 ஆண்டு எனக் கொண்டு, ஆண்டுதோறும் ஒத்த அளவினரே இறப்பர் எனவும் அவர் கொண்டார். அதன்படி 36 வயதுடையார் நூற்றுவருள் ஆண்டிற்கு இருவர் குறைவர். 61 வயதில் ஐம்பதின்மர் எஞ்சுவர். இம்முறை முற்றும் துல்லியமானதன்று. ஆயினும், அந்நாளைய வணிகர்க்கும் கைம்பெண்டிர் நிதிகளைக் கணிப்போர்க்கும் எளிய கருவியாயிற்று.

எண்ண முடியாததை எண்ணுதல்

இனி, அவரது பெருஞ்செயலைக் காண்போம். ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழும். அன்றேல் பூ விழும். இரண்டிற்கும் வாய்ப்பு ஒன்றே. பத்து முறை சுண்டினால் சரியாக ஐந்து முறை தலை விழுவதற்குரிய நிகழ்தகவு ஏறக்குறைய நான்கில் ஒன்று என்பதனை மாணாக்கரும் கணக்கிடலாம். ஆனால், 3600 முறை சுண்டினால் தலை 1770-க்கும் 1830-க்கும் இடையே விழுவதற்குரிய நிகழ்தகவு யாது? விதி ஒன்றே; கணக்கோ கைக்கு அடங்காது. 1 முதல் 3600 வரையுள்ள எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்குதல் வேண்டும். அப்பெருக்குத்தொகை பதினோராயிரத்திற்கு மேற்பட்ட இலக்கங்களை உடையது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் முயன்றாலும் இதனை முடித்தல் அரிது.

யாகப் பெர்னூலி என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் இத்துறையில் முன்னரே அடியெடுத்து வைத்தவர். முயற்சிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, கண்ட விகிதம் உண்மை விகிதத்தை நெருங்கும் என அவர் நிறுவினார். அவர் இறந்தபின் 1713-ஆம் ஆண்டு அந்நூல் வெளிவந்தது. ஆனால், எத்துணை விரைவில் நெருங்கும் என்பதனை அவர் நுட்பமாகக் காணவில்லை. ஐந்தில் மூன்று என்னும் விகிதத்தை ஐம்பதில் ஒரு பங்கு பிழைக்குள், ஆயிரத்திற்கு ஒன்று என்னும் உறுதியோடு அறிதற்கு 25,550 முயற்சிகள் வேண்டும் என்பது அவர் கணக்கு.

டிமாய்வர் இச்சிக்கலைப் பல்லாண்டுகள் எண்ணிவந்தார். பெரும் பெருக்குத்தொகைகளைப் பெருக்காமலே மிக நெருக்கமாக மதிப்பிடுவதற்கு வழி கண்டார். அவ்வழியில் வந்த ஒரு மாறா எண்ணின் உண்மை வடிவம் அவர்க்குப் புலப்படவில்லை. ஸ்டெர்லிங் என்னும் நண்பர், வட்டத்தின் சுற்றளவை அளக்கும் பை என்னும் எண் அதனுள் அமைந்திருத்தலைக் கண்டார். டிமாய்வர் அதனைத் தம் கண்டுபிடிப்பெனக் கொள்ளாது, நண்பர் பெயரைத் தம் எழுத்திற் குறித்து நன்றி பாராட்டினார்.

1733-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள், தம் அறுபத்தாறாம் வயதில், இலத்தீன் மொழியில் ஏழு பக்க அளவிலான ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டு நண்பர் சிலர்க்கு வழங்கினார். மணிவளைவு முதன்முதலாக உலகிற்கு வெளிப்பட்டது அச்சிறு வெளியீட்டிலேயே ஆகும்.

மணிவளைவின் இயல்பு

நாணயத்தைப் பன்முறை சுண்டித் தலை விழுந்த எண்ணிக்கைகளைக் கிடைக்கோட்டில் வரிசையாகக் குறித்து, அவ்வவற்றின் நிகழ்தகவை மேல்நோக்கிய கோடுகளாக வரைக. நடுவிலுள்ள கோடு நெடியதாகும். இருமருங்கும் செல்லச் செல்லக் கோடுகள் குறுகிவரும். அவற்றின் நுனிகளை இணைப்பின், கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வளைவு தோன்றும். நடுவிடம் சராசரி எனப்படும். வளைவின் அகலத்தை அளக்கும் கோலுக்குத் திட்டவிலக்கம் என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். நாணயச் சுண்டலில், சுண்டிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற் பாதியே திட்டவிலக்கம். 100 முறை சுண்டினால் அது 5; 3600 முறை சுண்டினால் அது 30.

இதனுள் ஓர் அரிய உண்மை உண்டு. முயற்சி 36 மடங்கு பெருகினும் விலக்கம் 6 மடங்கே பெருகுகின்றது. 100-இல் 5 என்பது நூற்றுக்கு ஐந்து பங்கு. 3600-இல் 30 என்பது நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவு. தற்செயல் தன் ஆற்றலை மெல்ல மெல்ல இழக்க, ஒழுங்கு மேலோங்குகின்றது. இவ்வொழுங்கு படைத்தவன் திட்டத்தைக் காட்டுவதாக டிமாய்வர் கருதினார்.

வளைவின் கீழுள்ள பரப்பே நிகழ்தகவு. சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்டவிலக்க எல்லைக்குள் நூற்றுக்கு 68.27 பங்கு அடங்கும். இரண்டு திட்டவிலக்கத்துள் 95.45 பங்கு, மூன்றனுள் 99.73 பங்கு. ஆகவே, 3600 முறை சுண்டினால், தலை 1770-க்கும் 1830-க்கும் இடையே விழும் வாய்ப்பு நூற்றுக்கு 68 பங்கிற்குச் சற்று மிகுதியாகும். 1710-க்குக் குறைவதோ 1890-க்கு மிகுவதோ மிக அரிது. அவ்வாறு நிகழின், நாணயம் நேர்மையானதோ என ஐயுறுதல் தகும். சரியாக 1800 விழுவதும் எளிதன்று. அதற்குரிய வாய்ப்பு எழுபத்தைந்தில் ஒன்றேயாம்.

இம்முறை நாணயத்தோடு நிற்பதன்று. ஒரு தேர்வில் ஆயிரம் மாணாக்கரின் மதிப்பெண்கள் மணிவளைவாகப் பரவியுள்ளன எனவும், சராசரி 60, திட்டவிலக்கம் 10 எனவும் கொள்வோம். 80-க்கு மேற்பட்டோர் எத்துணைவர்? 80-லிருந்து 60-ஐக் கழித்தால் 20. அதனைப் பத்தால் வகுத்தால் 2. எனவே, 80 என்பது சராசரிக்கு இரண்டு திட்டவிலக்கம் மேலே உள்ளது. அவ்வெல்லைக்குள் 95.45 பங்கு அடங்குதலின், வெளியே நிற்பது 4.55 பங்கு. அதில் ஒரு பாதி கீழ்ப்புறத்தது. மற்றொரு பாதி மேற்புறத்தது. ஆகவே, 80-க்கு மேற்பட்டோர் ஏறக்குறைய 23 பேர். அவ்வாறே 70-க்கு மேற்பட்டோர் 159 பேர். 70-க்கும் 80-க்கும் இடைப்பட்டோர் 136 பேர்.

ஆயினும், எல்லாப் பொருளும் இவ்வளைவுக்கு அடங்குவனவல்ல. ஒரு நாட்டு மக்களின் வருவாயை வரைந்தால், வறியோர் பக்கம் குவிந்தும் செல்வர் பக்கம் நீண்டும் அது காணப்படும். ஆதலின், பொருளின் இயல்பை முதலில் அறிந்து, பின்னரே இக்கருவியைக் கையாளுதல் அறிவுடைமை.

பெர்னூலி 25,550 முயற்சிகள் வேண்டுமென்ற அதே வினாவிற்கு மணிவளைவு கொண்டு விடை காணின், ஏறத்தாழ 6500 முயற்சிகளே போதும். நான்கில் ஒரு பங்கு உழைப்பால் அதே உறுதி கிட்டுகின்றது. இதுவே டிமாய்வர் உலகிற்கு ஈந்த பயன்.

இறுதிக் காலம்

1738-ஆம் ஆண்டு தம் பெருநூலின் இரண்டாம் பதிப்பில் இக்கண்டுபிடிப்பை அவர் ஆங்கிலத்திற் சேர்த்து வெளியிட்டார். அதன் பெருமையை உணர்ந்தோர் மிகச் சிலரே. 1735-ஆம் ஆண்டு பெர்லின் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றிருந்தது. 1754-ஆம் ஆண்டு, அவர்தம் எண்பத்தேழாம் வயதில், பாரிசு அறிவியற் கழகம் அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இளமையில் அவரை ஏற்க மறுத்த தாய்நாடு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தபின் அவரைப் போற்றியது. அதுவும் அயல்நாட்டார் என்னும் பெயராலேயே போற்றியது. அச்செய்தி கேட்டு அம்முதியவர் பெரிதும் மகிழ்ந்தார்.

அதன்பின் சில திங்களே அவர் வாழ்ந்தார். நாளுக்கு நாள் அவர் உறங்கும் நேரம் கால்மணி நேரம் மிகுந்துவந்தது என்றும், அது இருபத்துநான்கு மணி நேரத்தை எட்டும் நாளை அவரே கணக்கிட்டார் என்றும், அந்நாளிலேயே மறைந்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அது மெய்யோ புனைவோ, வாழ்நாள் முழுவதும் கணக்கிட்டவர்க்கு ஏற்ற கதையே. 1754-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27-ஆம் நாள் அவர் இலண்டனில் உயிர் நீத்தார். மக்கள் வாழ்நாளுக்குத் தாம் வகுத்த 86 என்னும் எல்லையைத் தாமே கடந்து வாழ்ந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மறைந்த புகழ் வெளிப்படுதல்

1809-ஆம் ஆண்டு ஜெர்மானியக் கணித மேதை காஸ், வானநூல் அளவைகளில் நேரும் பிழைகளை ஆராய்கையில் இவ்வளைவையே கையாண்டார். பிரான்சு நாட்டு லாப்லாஸ் இதன் பரந்த ஆட்சியை நிறுவினார். ஆகவே, உலகம் இதனைக் காஸின் வளைவு என வழங்கலாயிற்று. 1991 முதல் 2001 வரை வழங்கிய ஜெர்மனியின் பத்து மார்க் பணத்தாளில் காஸின் உருவத்தோடு இவ்வளைவும் பொறிக்கப்பட்டிருந்தது. அவர்தம் பெருமை குறைவானதன்று. அவ்விருவரும் அவ்வளைவுக்குப் புதிய பயன்களைக் கண்டவர். எனினும், முதலிற் கண்டவர் பெயர் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. 1924-ஆம் ஆண்டு கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர், 1733-ஆம் ஆண்டின் அச்சிறு வெளியீட்டை எடுத்துக்காட்டி, அவ்வுரிமை டிமாய்வருக்கே என உலகறியச் செய்தார். உண்மை வெளிப்படுதற்கு இருநூறு ஆண்டுகள் ஆயின.

இன்று ஆலைகளிற் செய்யும் பொருள்களின் தரத்தை அளப்போரும், மருந்தின் பயனை ஆராயும் மருத்துவரும், வேளாண்மை ஆய்வு நிலையங்களில் விளைச்சலை ஒப்பிடுவோரும், மக்கள் கருத்தை மாதிரி கொண்டு மதிப்பிடுவோரும் மணிவளைவின் துணையை நாடுகின்றனர். அவருள் பலர் டிமாய்வரின் பெயரையும் அறியார். அவரோ பெயரை நாடி உழைத்தவரல்லர். பதவி கிட்டவில்லை என்று சோர்ந்திருப்பின், பொருள் இல்லையென்று கல்வியைக் கைவிட்டிருப்பின், இக்கருவி உலகிற்கு வந்து சேர்தற்கு இன்னும் காலம் நீண்டிருக்கும். ஏடுகளைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு தெருவில் நடந்தவாறே கற்ற அவ்வேழை ஆசிரியரின் வாழ்வு, வசதியின்மை கல்விக்குத் தடையன்று என்பதனை மாணாக்கர்க்கு என்றும் உணர்த்துவதாகும்.